புது லேப்டாப் சும்மா இருக்கும்போதே பேட்டரி இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே 'சும்மா இருப்பது' என்றால் லேப்டாப் ஆன் ஆகியிருக்கிறது, திரை எரிகிறது, டெஸ்க்டாப் தெரிகிறது, நீங்கள் எதையும் தொடவில்லை. மூடி வைத்தபோது பேட்டரி இறங்குவது வேறு பிரச்சினை, அதற்கான பதில் கீழே தனியாக இருக்கிறது. 'இந்த இருபது செட்டிங்ஸையும் மாற்றுங்கள்' என்று சுற்றிவரும் பட்டியல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரே ஒரு சாதனமோ ஒரே ஒரு நிரலோதான் மொத்த எந்திரத்தையும் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதைத் தொடவே தேவையில்லை.

எத்தனை வாட் இருந்தால் சரி?

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால், நடுத்தர வெளிச்சத்தில் 3 முதல் 6 வாட். தனி கிராஃபிக்ஸ் இருந்தும் அது முழுசாக அணைந்து கிடந்தால் 7 முதல் 12 வாட் வரை எதிர்பார்க்கலாம். 15 வாட்டுக்கு மேல் நிலையாக நின்றால் உள்ளே ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்குள் வைத்துத் தரும் 'ஹெச்எக்ஸ்' வகை ப்ராசசர்கள் இயல்பிலேயே சும்மா இருக்கும்போதும் கூடுதலாகத்தான் இழுக்கும். இன்டெல் ஹெச்எக்ஸில் சிப்செட் (துளைகளையும் சாதனங்களையும் ப்ராசசரோடு இணைக்கும் பகுதி) தனி சிப்பாக இருக்கிறது, ஏஎம்டியின் 7045ஹெச்எக்ஸ் வரிசையில் ப்ராசசரே பல துண்டுகளாக இருந்து துண்டுகளுக்கு இடையிலான இணைப்புக்கே மின்சாரம் போகிறது. இதை எந்த செட்டிங்ஸும் மாற்றாது. அந்த வகை லேப்டாப்பை வைத்துக்கொண்டு மெல்லிய லேப்டாப்பின் எண்ணோடு ஒப்பிட்டு மனசு கெட வேண்டாம்.

வாட்டை மணி நேரமாக மாற்றிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 60 வாட்-மணி பேட்டரி 6 வாட்டில் 10 மணி நேரம் வரும், 15 வாட்டில் 4 மணி நேரம்தான். இன்னொன்று, 6 வாட்டை 4 ஆக இறக்கினால் 10 மணி நேரம் 15 ஆகிறது, அதே 2 வாட்டை 30 வாட் இழுக்கிற நேரத்தில் மிச்சம் பிடித்தால் பத்து நிமிடம்கூட அதிகமாகாது. அதனால்தான் சும்மா இருக்கும் நேரத்து ஒவ்வொரு வாட்டையும் துரத்திப் பிடிப்பது பயனுள்ள வேலை.

இதை எப்படி அளப்பது? பேட்டரி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா?

போதாது. சதவீதம் என்பது மென்பொருள் போடுகிற மதிப்பீடு, புது பேட்டரியில் அது சில சார்ஜ் சுற்றுகள் ஆகும்வரை தடுமாறும். 'இன்னும் 3 மணி நேரம்' என்று காட்டுவதையும் நம்ப வேண்டாம், கடந்த சில நிமிடங்களை வைத்து அது நேரத்துக்கொரு கணக்கு சொல்லும்.

நமக்கு வேண்டியது பேட்டரியிலிருந்து இந்த நொடியில் எத்தனை வாட் வெளியேறுகிறது என்பது மட்டுமே. விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலில் பேட்டரி பகுதிக்குப் போனால் சார்ஜ் ரேட் என்ற வரி இருக்கும், சார்ஜரைக் கழற்றியதும் அது மைனஸில் ஓடும், அந்த எண்தான் நமக்கு வேண்டியது. லினக்ஸில் 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை', அதற்குள் பேட்டரியின் பெயரில் ஒரு அடைவு, அதில் 'பவர் நவ்' என்ற கோப்பு. அது மைக்ரோவாட்டில் இருக்கும், 10 லட்சத்தால் வகுத்தால் வாட். சில மாடல்களில் அந்தக் கோப்பு இருக்காது, மின்னோட்டமும் மின்னழுத்தமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும், இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அளக்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட அளவில் நிறுத்துங்கள் (50 சதவீதம் என்றால் எப்போதும் 50), வெளியிலிருந்து செருகிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், திறந்திருக்கும் நிரல்களை மூடுங்கள், பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள், அப்புறம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மவுஸை அசைத்தாலே எண் ஏறும், அதனால் ஏறி இறங்கும் எண்ணில் எது அடிக்கடி வருகிற கீழ் எண்ணோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அடிப்படை எண். இனிமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மறுபடி பத்து நிமிடம், மறுபடி எண். பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த அப்டேட்டில் அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

சுவர் பிளக்கில் வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 25 காட்டுகிறதே?

அந்த எண்ணில் பேட்டரி சார்ஜ் ஆகிற மின்சாரமும் சேர்ந்திருக்கும், சார்ஜருக்குள் வெப்பமாகப் போகும் நட்டமும் சேர்ந்திருக்கும். பேட்டரி நிறைந்த பிறகு பார்த்தாலும் சார்ஜர் குறைந்த சுமையில் அவ்வளவு திறமையாக இயங்காது. தவிர, சார்ஜர் செருகியிருக்கும்போது பல லேப்டாப்புகள் தாராளமான பவர் மோடுக்குத் தானாக மாறிவிடும். மின் கட்டணக் கணக்குக்கு வாட் மீட்டர் சரி, கோளாறு தேட பேட்டரி எண்தான் சரி.

வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. இப்போதே அளக்கலாமா?

அளந்து பாருங்கள், ஆனால் முடிவுக்கு வராதீர்கள். புது எந்திரம் முதல் சில நாள் பின்னணியில் ஓயாமல் உழைக்கும்: விண்டோஸ் அப்டேட், ஸ்டோர் நிரல்களின் அப்டேட், கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணை போடுவது, வைரஸ் ஸ்கேன், ஒன்டிரைவ் உங்கள் பழைய கோப்புகளை ஒத்திசைப்பது. மேக் என்றால் ஸ்பாட்லைட் அட்டவணையும் ஃபோட்டோஸ் நிரல் படங்களை அலசுவதும். சார்ஜரில் போட்டு, இணையத்தோடு இணைத்து, திரையை அணைத்து இரண்டு மூன்று இரவு விட்டாலே பெரும்பாலானது முடிந்துவிடும். அப்டேட்கள் எல்லாம் இறங்கி, கேட்கிற ரீஸ்டார்ட்டையும் கொடுத்த பிறகு அளந்த எண்தான் நம்பத்தக்கது.

இந்த நாட்களில் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸ் (எந்திரத்தைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), சிப்செட் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர் மூன்றையும் புதியதாக்குங்கள். புதிதாக வந்த மாடல்களில் முதல் சில பயாஸ் பதிப்புகள் தூக்க நிலைகளைச் சரியாகக் கையாளாமல் இருப்பது சகஜம், அப்டேட் ஒன்றிலேயே பல வாட் இறங்குவதும் உண்டு. கூடவே வருகிற சோதனைக் கால ஆன்டிவைரஸ் வேண்டாம் என்றால் அதையும் நீக்குங்கள், விண்டோஸுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் சிபியு 1 சதவீதம்தான் காட்டுகிறது. அப்புறம் எங்கிருந்து 15 வாட்?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ப்ராசசருக்கு வேலை இல்லாதபோது அது படிப்படியாகத் தூங்கும். அதற்குள் கணக்குப் போடும் அலகான ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தூங்குவது ஒரு கட்டம். எல்லா கோரும் தூங்கி, கூடவே மெமரி கன்ட்ரோலர், ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் உள் கிராஃபிக்ஸ், எஸ்எஸ்டி போன்றவை ப்ராசசரோடு பேசும் பிசிஐ இணைப்புகள் என்று மொத்த சிப்பும் சேர்ந்து தூங்குவது அடுத்த கட்டம். இன்டெலில் இதை பேக்கேஜ் சி-ஸ்டேட் என்பார்கள், சி2, சி3, சி6, சி8, சி10 என்று எண் ஏற ஏறத் தூக்கம் ஆழமாகும். சி10-இல் மொத்த ப்ராசசரும் ஒரு வாட்டுக்குக் கீழே போய்விடும், சி2-விலேயே மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்யாமலே பல வாட் போய்க்கொண்டிருக்கும். திரை எரியும்போது சி8 வரை போனாலே நல்ல நிலைதான்.

இந்த ஆழத் தூக்கம் கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் படுத்த பிறகுதான் கடைசி விளக்கை அணைப்பது மாதிரி. ஒரே ஒருவர் முழித்திருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு எஸ்எஸ்டி, ஒரு கார்டு ரீடர், ஒரு யுஎஸ்பி டாங்கிள், நொடிக்கு ஆயிரம் முறை டைமர் அடிக்கும் ஒரு நிரல், இவற்றில் எது வேண்டுமானாலும் அந்த ஒருவராக இருக்கலாம். சிபியு சதவீதம் இதில் எதையும் காட்டாது, ஏனென்றால் அது எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, எத்தனை முறை எழுப்பப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை.

இன்டெல் லேப்டாப்பில் எந்த ஆழம்வரை போகிறது என்பதை ஹெச்டபிள்யூஇன்ஃபோவிலோ, லினக்ஸில் பவர்டாப் நிரலின் ஐடில் பக்கத்திலோ பார்க்கலாம். சி8, சி10 வரிகளில் எப்போதும் பூஜ்யம் நின்றால் ப்ராசசரை விட்டுவிட்டு, அதைத் தூங்கவிடாத சாதனத்தைத் தேடுங்கள். விண்டோஸில் அதற்குள்ளேயே ஒரு உதவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'எனர்ஜி' தேர்வோடு ஓட்டினால் 60 நொடி கவனித்துவிட்டு ஒரு அறிக்கை தரும்: சஸ்பெண்ட் ஆகாத யுஎஸ்பி சாதனங்கள், டைமரை வேகமாக்கிய நிரல்கள், பிசிஐ மின்சேமிப்பு அணைந்திருப்பது எல்லாம் பெயரோடு வரும். அதில் சிவப்பாகக் காட்டுகிற எல்லாமே உண்மையான பிரச்சினை ஆகிவிடாது, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். அதே கட்டளையை 'ரிக்வெஸ்ட்ஸ்' தேர்வோடு ஓட்டினால் யார் எந்திரத்தைத் தூங்கவிடாமல் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. கேம் ஆடாதபோது அது தானாக அணையாதா?

அணைய வேண்டும், ஆனால் பல லேப்டாப்பில் அணைவதில்லை. என் கணிப்பில், தனி கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்புகளில் வரும் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அது விழித்திருந்தாலே, எந்த வேலையும் செய்யாமல், 5 முதல் 15 வாட் வரை கூடுதலாகப் போகும்.

முதலில் லேப்டாப் எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள். தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டு நிரலிலோ பயாஸிலோ ஹைப்ரிட் (தேவைப்படும்போது மட்டும் தனி கார்டு), தனி கிராஃபிக்ஸ் மட்டும், எக்கோ (உள் கிராஃபிக்ஸ் மட்டும்) என்கிற மாதிரி தேர்வுகள் இருக்கும். 'தனி கிராஃபிக்ஸ் மட்டும்' என்று இருந்தால் திரையே அந்தக் கார்டிலிருந்துதான் ஓடுகிறது, அது அணைய வழியே இல்லை. ஹைப்ரிடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலர் கேம் ஆடும்போது மாற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள், சில மாடல்கள் பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருகின்றன.

ஹைப்ரிடில் இருந்தும் விழித்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு நிரல் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிபியு செயல்பாட்டுச் சின்னத்தை அறிவிப்புப் பகுதியில் காட்டச் சொல்லலாம், அதைச் சொடுக்கினால் எந்த நிரல்கள் அதைப் பிடித்திருக்கின்றன என்று பெயர் வரும். அடிக்கடி மாட்டுவது அசையும் வால்பேப்பர் நிரல், விசைப்பலகை வண்ண விளக்கு நிரல், கேம் லாஞ்சர், வீடியோ எடிட்டரின் பின்னணிச் சேவை, சில நேரம் பிரவுசர். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த நிரலுக்கு மட்டும் 'பவர் சேவிங்' தேர்ந்தெடுத்தால் அது உள் கிராஃபிக்ஸுக்குப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கார்டு தூங்குகிறதா என்று பார்க்கப் போகும் கருவியே அதை எழுப்பிவிடும். வெப்பநிலை காட்டும் நிரல்கள், 'என்விடியா எஸ்எம்ஐ' கட்டளை, ஏன் ஹெச்டபிள்யூஇன்ஃபோவேகூட, கேட்கும் ஒவ்வொரு முறையும் கார்டை எழுப்பித்தான் பதில் வாங்கும். அதனால் சந்தேகம் இருந்தால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் கிராஃபிக்ஸ் கார்டைக் கண்காணிப்பதை மட்டும் அணைத்துவிட்டு பேட்டரி வாட்டைப் பாருங்கள். எண் சட்டென்று பல வாட் இறங்கினால் கார்டு இப்போதுதான் தூங்கியிருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் போய் அந்தக் கார்டை டிசேபிள் செய்துவிடுவது சரியான வழி என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். கார்டின் மின்சாரத்தை முழுசாக நிறுத்துவது அதன் டிரைவரின் வேலை, டிரைவரையே கழற்றிவிட்டால் நிறுத்த ஆளில்லாமல் கார்டு விழித்தே கிடக்கலாம், வாட் ஏறவும் செய்யலாம். எக்கோ மோடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

வெளி மானிட்டர் மாட்டினால் மட்டும் 10 வாட் ஏறுகிறது. மானிட்டருக்குத்தான் தனி மின்சாரம் இருக்கிறதே?

மானிட்டர் தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது, சரி. ஆனால் பல கேமிங் லேப்டாப்புகளில் ஹெச்டிஎம்ஐ துளை நேரடியாகத் தனி கிராஃபிக்ஸ் கார்டோடு இணைந்திருக்கிறது. அதில் மானிட்டரைச் செருகினால் கார்டு எழுந்தே ஆக வேண்டும். டைப்-சி துளைகளில் ஒன்று உள் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்க வாய்ப்பு அதிகம், அதில் மாற்றிச் செருகிப் பாருங்கள். எந்தத் துளை எதோடு என்று விவரக்குறிப்பில் பெரும்பாலும் இருக்காது, மாற்றி மாற்றிச் செருகி அளப்பதுதான் விடை.

திரை எவ்வளவு எடுக்கும்?

14 அங்குலத் திரை நடுத்தர வெளிச்சத்தில் ஒன்றரை முதல் 3 வாட் வரை. மொத்தமே 5 வாட் இழுக்கிற லேப்டாப்பில் இது பாதி. முழு வெளிச்சத்தில் இது இரட்டிப்பாகவும் ஆகும், அதனால் 'என் லேப்டாப் 9 வாட்' என்று சொல்லும்போது வெளிச்சம் எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுப்பிப்பு வேகம் இன்னொன்று. 120, 165 ஹெர்ட்ஸில் நிற்கும் திரையை 60-க்கு இறக்கினால் ஒரு வாட்டுக்கு அருகே மிச்சமாகும், சில மாடல்களில் அதற்கு மேலும். திரையின் அட்வான்ஸ்டு பகுதியில் டைனமிக் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம், தேவைப்படும்போது மட்டும் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ஓலெட் திரையில் வெள்ளைப் பின்னணி நிஜமாகவே அதிக மின்சாரம் கேட்கும், கறுப்பு பிக்சல் எதுவும் கேட்காது, அதனால் டார்க் மோடு அங்கே பயன் தரும். சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிகிறது, டார்க் மோடால் பேட்டரிக்குப் பெரிய மாற்றம் இல்லை.

எஸ்எஸ்டியை மாற்றினேன், அன்றிலிருந்து சூடாகவே இருக்கிறது.

அது வெறும் எஸ்எஸ்டியின் சூடாக இருக்க வேண்டியதில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்குச் சொந்தத் தூக்க நிலைகள் உண்டு. ஆழ்ந்த நிலையில் சில மில்லிவாட்தான், விழித்தபடி சும்மா இருந்தால் அரை வாட், ஒரு வாட் என்று போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. அதன் பிசிஐ இணைப்பு 'ஏஎஸ்பிஎம்' என்ற மின்சேமிப்பு நிலைக்குப் போகாவிட்டால் மேலே சொன்ன பேக்கேஜ் தூக்கமும் தடைபடும், அப்போது ஒரு வாட் நட்டம் நான்கைந்து வாட்டாக வீங்கும். டெஸ்க்டாப்பை மனதில் வைத்து, உச்ச வேகத்துக்காகவே செய்த எஸ்எஸ்டிகள் லேப்டாப்பில் இந்த விஷயத்தில் சொதப்புவது உண்டு.

செய்ய வேண்டியது: எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள், பவர் பிளானின் மேம்பட்ட தேர்வுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பு பேட்டரிக்கு 'மேக்ஸிமம்' என்று இருக்கிறதா பாருங்கள், பயாஸில் ஏஎஸ்பிஎம் அணைந்திருந்தால் போடுங்கள். பழைய எஸ்எஸ்டி கையில் இருந்தால் அதை மறுபடி மாட்டி அளப்பதைவிட நேரான சோதனை வேறு இல்லை.

வயர்லெஸ் மவுஸ் டாங்கிள், பென் டிரைவ் எல்லாம் எவ்வளவு எடுத்துவிடும்?

அவை எடுப்பது குறைவு, கெடுப்பது அதிகம். சஸ்பெண்ட் ஆகத் தெரியாத ஒரு டாங்கிள் யுஎஸ்பி கன்ட்ரோலர் முழுவதையும் விழிக்க வைக்கும். எஸ்டி கார்டைத் துளையிலேயே விட்டுவிடுவதும் அப்படித்தான். நெட்வொர்க் துளை உள்ள டைப்-சி ஹப்கள் கேபிள் செருகாவிட்டாலும் இழுக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணைப் பாருங்கள்.

பிரவுசரில் வெறும் பக்கங்கள்தான் திறந்திருக்கின்றன. அதுவுமா?

ஆமாம். பின்னணித் தாவலில் ஓடும் அனிமேஷன், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அஞ்சல், அரட்டைப் பக்கங்கள், ஒலி நின்றபின்னும் மூடப்படாத வீடியோ, எல்லாமே ப்ராசசரை நொடிக்குப் பலமுறை எழுப்பும். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மேனேஜர் வரும், எந்தத் தாவல், எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியும். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குவது எப்போதும் நல்லது.

டெவலப்பர்கள் கவனிக்க: டாக்கரோ டபிள்யூஎஸ்எல்லோ ஓடினால் உள்ளே ஒரு முழு லினக்ஸ் எந்திரமே விழித்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'விஎம்மெம்' என்ற பெயரில் தெரியும். வேலை முடிந்ததும் டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் கட்டளை கொடுத்து நிறுத்துங்கள்.

சும்மா இருக்கும்போதும் ப்ராசசர் 3 ஜிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது. டர்போவை (தற்காலிக வேக ஏற்றம்) அணைக்கவா, அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்யவா?

இரண்டும் இந்தப் பிரச்சினைக்கு மருந்து இல்லை. தூங்கும் கோருக்குக் கடிகாரமே நின்றுவிடுகிறது, நீங்கள் பார்க்கும் 3 ஜிகாஹெர்ட்ஸ் அது விழித்த அந்தச் சிறு நொடியில் இருந்த வேகம். வேகமாக வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்கப் போவது பல நேரம் மின்சாரத்தை மிச்சம்தான் பிடிக்கும். அண்டர்வோல்ட் சுமை ஏறும்போது வெப்பத்தைக் குறைக்கும், சும்மா இருக்கும்போது அதன் பங்கு மிகச் சொற்பம். ஆனால் பவர் மோடு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் அதை 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள், தயாரிப்பாளரின் நிரலிலும் தனியாக ஒரு டர்போ மோடு ஓடுகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

லினக்ஸ் போட்டேன், விண்டோஸைவிட இரண்டு மடங்கு இழுக்கிறது.

பவர்டாப்பில் தொடங்குங்கள். அதன் டியூனபிள்ஸ் பக்கத்தில் 'பேட்' என்று வரும் வரிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றும் 'ஆட்டோ ட்யூன்' தேர்வு வசதிதான், ஆனால் யுஎஸ்பி மவுஸும் விசைப்பலகையும் சில நொடியில் தூங்கிவிட்டு எரிச்சலூட்டும். மின்சேமிப்பை நிர்வகிக்கும் நிரல்களான டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டீமன் இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள், இரண்டும் ஒரே செட்டிங்ஸை மாற்றி மாற்றி எழுதும்.

என்விடியா கார்டு என்றால் 2018-இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து முழுசாக அணையும் வசதி இருக்கிறது, அதற்கு அவர்களுடைய டிரைவரும் சரியான அமைப்பும் வேண்டும். அந்தக் கார்டின் பிசிஐ அடைவுக்குள் 'பவர்' என்பதில் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பைப் படித்தால் கார்டை எழுப்பாமலே 'சஸ்பெண்டட்' என்றோ 'ஆக்டிவ்' என்றோ தெரிந்துவிடும். டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்வதால் (ஏறவிடாமல் தடுப்பதால்) கார்டு அணைந்துவிடாது, காரணம் மேலே சொன்னதுதான். மிகப் புதிய மாடல் என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் புதியதாக இருக்கட்டும், புது ப்ராசசர்களின் தூக்க நிலை ஆதரவு கர்னல் வழியாகத்தான் வருகிறது.

மேக்?

ஆக்டிவிட்டி மானிட்டரில் எனர்ஜி பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும். டெர்மினலில் 'பவர்மெட்ரிக்ஸ்' கட்டளை ப்ராசசர் எத்தனை மில்லிவாட் எடுக்கிறது என்று காட்டும்.

மூடி வைத்தால் காலையில் 20 சதவீதம் காணோம். பையில் வைத்தால் சூடாகிறது.

இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகளில் பழைய 'எஸ்3' தூக்கம் பெரும்பாலும் இல்லை, அதற்குப் பதில் போன் மாதிரி பாதி விழித்திருக்கும் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' இருக்கிறது. ஒரு இரவுக்கு 3 முதல் 5 சதவீதம் போனால் விடலாம், 15, 20 என்றால் விழிக்கக் கூடாத ஏதோ விழிக்கிறது. 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'ஸ்லீப் ஸ்டடி' தேர்வோடு ஓட்டினால் ஒவ்வொரு தூக்கத்துக்கும் எவ்வளவு இறங்கியது, யார் அதிகம் எழுப்பியது என்று பெயரோடு அறிக்கை வரும். நெட்வொர்க் கார்டும் யுஎஸ்பி சாதனங்களும்தான் அதில் வழக்கமாக மேலே நிற்கும்.

அதைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் மூடியதும் ஹைபர்னேட் (மெமரியில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு அணைவது) ஆகும்படி வைத்துவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். பையில் வைத்து எடுத்துப் போகிறவர்கள் இதை யோசிக்காமலே செய்யலாம், மூடிய பைக்குள் சூடாகி நிற்பது பேட்டரிக்கு நல்லதே இல்லை.

எல்லாம் செய்தும் எண் இறங்கவில்லை. வன்பொருள் கோளாறா? திருப்பிக் கொடுக்கலாமா?

முதலில் மென்பொருளைப் பிரித்துப் பாருங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் அல்லாத சேவைகளை அணைத்து, ஸ்டார்ட்அப் நிரல்களையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து அளந்தால் மூன்றாம் தரப்பு நிரலா இல்லையா என்று தெரிந்துவிடும். சேஃப் மோடில் அளக்காதீர்கள், அங்கே கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாது, எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸ் போட்டு அளப்பதும் அதே மாதிரிதான், அந்தப் பென் டிரைவே யுஎஸ்பியை விழிக்க வைத்திருக்கும்.

அப்புறம் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையின் 'பேட்டரி ரிப்போர்ட்' தேர்வை ஓட்டி, பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். புது லேப்டாப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். கொள்ளளவே குறைவாக இருந்தால் வாட் சரியாக இருந்தும் நேரம் குறையும், அது பேட்டரி புகார், வேறு வழியில் போக வேண்டியது.

அதே மாடல், அதே ப்ராசசர், அதே திரை வைத்திருப்பவர்கள் என்ன எண் சொல்கிறார்கள் என்று தேடுங்கள். அவர்களுக்கும் 14 வாட் என்றால் அந்த மாடலின் இயல்பே அதுதான், ஒரு பயாஸ் அப்டேட் மாற்றலாம், மாற்றாமலும் போகலாம். அவர்களுக்கு 6 வாட்டாக இருந்து உங்களுக்கு மட்டும் 14 என்றால், ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்து, எதையும் நிறுவாமல், அப்டேட்கள் முடிந்த பிறகு அளந்து பாருங்கள். அப்போதும் 14 என்றால் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், வாரண்டி பழுதுக்குக் காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் 'சும்மா இருக்கும்போது அதிகம் இழுக்கிறது' என்ற புகாரை சர்வீஸ் மையத்தில் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. கையில் எனர்ஜி அறிக்கை, பேட்டரி அறிக்கை, வெளிச்சமும் பவர் மோடும் குறித்த வாட் எண்கள், பயாஸ் பதிப்பு நான்கும் இருந்தால் 'பயன்பாட்டைப் பொறுத்தது' என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்குக் கஷ்டம்.